விளையாட்டு ஆசானின் அமானிதம்



பெண்களுக்கான பயான் ஒன்றை முடித்துவிட்டு நாம் எழுந்திருக்கும் சமயம், திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாயார், “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா” என்றார். அவருடைய மகனுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் ஆடுகிறவன். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு முழங்கால் வீங்கிவிட்டது. பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் வலிக்கு மாத்திரை கொடுத்து, துணியை இறுகக் கட்டி, “நீ இல்லாமல் ஜெயிக்க முடியாது” என்று சொல்லி இறக்கிவிட்டார். அணி ஜெயித்தது, கோப்பையும் வந்தது. பையனுக்கோ இப்பொழுது காலை மடக்கி அத்தஹிய்யாத்தில் உட்கார முடியவில்லை. பள்ளிவாசலில் தன் பாட்டனாருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தொழுகிறான்.

“மாஸ்டரை ஒன்றும் சொல்லாதீங்க உம்மா என்று அவன் அழுகிறான், ஹஜ்ரத். நான் அவரை மன்னித்துவிட வேண்டுமா? அல்லது கியாமத் நாளில் அவரைப் பிடிக்கலாமா?” என்று கேட்டார் அந்தத் தாயார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. இது ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. நம் பிள்ளைகள் ஃபஜ்ரு தொழுததும் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே ஒருவர் விசிலும் கையுமாக நிற்கிறார். பெற்ற தகப்பன் சொன்னால் கேளாத பிள்ளை அவர் சொன்னால் கேட்கிறான். அவர் கோபித்தால் சோறு இறங்குவதில்லை. அவர் முதுகில் தட்டிவிட்டால் தூக்கம் வருவதில்லை. இவ்வளவு அதிகாரம் ஒரு மனிதரின் கையில் இருக்கிறதே, அது என்ன வகையான அதிகாரம்? மார்க்கத்தில் அதற்குப் பெயர் உண்டா? உண்டு. அமானிதம் என்பதே அதன் பெயர்.

உங்களில் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்று நம் பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அருளியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. இந்த ஹதீதை ஓதும்போது நமக்கு அரசர்களும் குடும்பத் தலைவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். மைதானத்தில் விசில் ஊதுகிறவர் வருவதில்லை. ஏன் வரக்கூடாது? இருபது பிள்ளைகளின் எலும்பும் நரம்பும் அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் அல்லவா இருக்கின்றன?

விளையாட்டும் பந்தயமும் பெருமானாருக்கு அந்நியமானவை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். மதீனாவில் அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். அதில் தாமே கலந்துகொண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள் அதை அறிவிக்கிறார்கள். முறையாகத் தீனி கொடுத்துப் பயிற்சி தந்து உடம்பு இறுக்கிய குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து தனிய்யத்துல் வதா வரையிலும் நெடுந்தூரம். பயிற்சி பெறாத குதிரைகளுக்குத் தனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும்தான். முன்னது ஐந்தாறு மைல், பின்னது ஒரு மைல் என்று இந்த ஹதீதை அறிவித்தவர்களில் ஒருவர் கணக்குச் சொல்கிறார். வாயில்லாப் பிராணிக்குக்கூட அதன் பக்குவம் பார்த்துத் தூரம் வகுத்தார்கள்!

அதே இப்னு உமர் (ரலி) தம் சிறு வயதுச் செய்தி ஒன்றையும் சொல்கிறார்கள். உஹதுப் போரின்போது அவர்களுக்குப் பதினான்கு வயது. போருக்கு வர ஆசைப்பட்டு அணியில் நின்றார்கள். பெருமானார் அவர்கள் அனுமதிக்கவில்லை. பிறகு அகழ்ப் போரின்போது, பதினைந்து வயதில் அனுமதித்தார்கள். உஹதில் ஆள் மிகுதியாக இருந்ததால் திருப்பி அனுப்பினார்களா? இல்லை. எதிரிகள் மூவாயிரம் பேர். நம்மவர்கள் ஆயிரம் பேர் புறப்பட்டு, அதிலும் முந்நூறு பேர் நயவஞ்சகனுடன் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். ஒவ்வொரு தலையும் தேவைப்பட்ட நாள் அது. சிறுவர்களிடம் ஆவலுக்கும் குறைவில்லை. இருந்தும் சிறுவனின் ஆவலைத் தம் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ள அந்தத் தலைவர் இணங்கவில்லை. “பையனே ஆசைப்பட்டான், நான் என்ன செய்வேன்?” என்று சொல்கிற மாஸ்டர்கள் இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பையன் ஆசைப்படத்தான் செய்வான். வேண்டாம் என்று சொல்வதற்குத்தானே அங்கே ஒரு பெரியவர் நிற்கிறார்?

இனி ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அது குத்துச்சண்டையைப் பற்றியது. முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: சண்டையிட நேர்ந்தாலும் முகத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்பது நபிமொழி. 1987ஆம் ஆண்டு மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபை, இன்று நடைபெறும் குத்துச்சண்டை ஹராம் என்றே முடிவு செய்தது. ஆகவே அந்த ஆட்டத்தை நாம் புகழப் போவதில்லை. ஆனால் அந்த மேடையின் மூலையில் நின்ற ஒரு முதியவரிடம் நம் மாஸ்டர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. நல்ல பாடம் எங்கே கிடந்தாலும் எடுத்துக்கொள்வதில் முஃமினுக்கு வெட்கம் இல்லை.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி. பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலாவை அடுத்த கேஸான் சிட்டி. சகோதரர் முஹம்மது அலிக்கும் ஜோ ஃப்ரேஸியருக்கும் மூன்றாவது போட்டி. 1971இல் ஃப்ரேஸியர் ஜெயித்திருந்தார். 1974இல் அலி ஜெயித்திருந்தார். ஆகவே இது தீர்த்துக் கட்டுகிற ஆட்டம். அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்ப்பதற்கு வசதியாக முற்பகலில் வைத்தார்கள். அரங்கத்துக்குள்ளே அடுப்புப் போல வெக்கை. பதினைந்து சுற்றுகளில் பதினான்கு சுற்றுகள் முடிந்துவிட்டன. ஃப்ரேஸியரின் முகம் வீங்கி, வருகிற அடி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணின் பார்வை வெகு காலத்துக்கு முன்பே பழுதாகியிருந்தது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே வெளியிட்டார்.

அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் எட்டி ஃபட்ச். அப்போது வயது அறுபத்து நான்கு. இளமையில் தாமும் குத்துச்சண்டை பழகி, இதயத்தில் கோளாறு இருப்பதாக வைத்தியர் சொன்னதால் ஆட்டத்தை விட்டுப் பயிற்சிக்கு வந்தவர். மேடையில் அடிபட்டு இறந்த வீரர்களைத் தம் கண்ணால் பார்த்தவர். பதினான்காவது சுற்று முடிந்து தம் வீரர் மூலைக்கு வந்து உட்கார்ந்ததும், இனிப் போதும் என்றார் ஃபட்ச். ஃப்ரேஸியர் ஒப்பவில்லை. எழப் பார்த்தார். கிழவர் விடவில்லை. உட்கார் மகனே, முடிந்துவிட்டது, இன்று நீ செய்ததை எவரும் மறக்கப் போவதில்லை என்ற கருத்தில் சொல்லிவிட்டு, நடுவருக்குச் சைகை காட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

மீதியிருந்தது மூன்றே நிமிஷம்! எதிர் மூலையிலோ முஹம்மது அலியும் ஓய்ந்து போயிருந்தார். ஜெயித்ததாக அறிவித்ததும் எழுந்து நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். மரணத்துக்கு மிக அருகில் போய் வந்ததைப் போல் இருந்தது என்று பிறகு அவரே சொன்னார். ‘இன்னும் ஒரு சுற்று விட்டிருந்தால் ஃப்ரேஸியர் ஜெயித்திருப்பாரோ?’ என்று இன்றைக்கும் விவாதிக்கிறவர்கள் உண்டு. தம்மால் முடிந்திருக்கும் என்றுதான் ஃப்ரேஸியரும் சொல்லி வந்தார். ஃபட்ச் அந்த விவாதத்துக்கே போகவில்லை. உலகப் பட்டம், பணம், பேர் எல்லாம் ஒரு தட்டில். ஒரு மனிதனின் உயிர் மறு தட்டில். அவர் தராசு சரியாக நின்றது. ஃப்ரேஸியர் அறுபத்தேழு வயது வரை வாழ்ந்து 2011இல் இறந்தார்.

அவர் முஸ்லிம் அல்லர். அமானிதம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் அவர் செய்தது அமானிதத்தை நிறைவேற்றியதே என்று நாம் சொல்லத் தயங்கவில்லை. தோற்றவர் என்ற பெயரைத் தம் தலையில் வாங்கிக்கொண்டு, தம்மை நம்பியவனைக் காப்பாற்றினார்.

அலியின் ஆசானைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏஞ்சலோ டண்டி என்பவர் 1960 முதல் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். அலி தம் பெயரை மாற்றி, இஸ்லாத்தைப் பகிரங்கமாக அறிவித்து, உலகமே முகம் சுளித்தபோதும் அந்தக் கிறிஸ்தவர் அவரை விட்டுப் போகவில்லை. 1964இல் லிஸ்டனுடன் நடந்த போட்டியில், கண்ணில் ஏதோ பட்டு எரிகிறது, கையுறையைக் கழற்றுங்கள் என்று அலி கூவினார். டண்டி கண்ணைக் கழுவி, அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட்டார். அது பலித்தது, அலி உலகச் சாம்பியன் ஆனார். ஆகவே தள்ளிவிட வேண்டிய நேரமும் ஒன்று உண்டு. சோம்பலுக்கும் பயத்துக்கும் இடம் கொடுக்காமல் விரட்டுவதும் ஆசானின் வேலைதான். கஷ்டம், காயம் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்து வைத்திருப்பதில்தான் அவருடைய இல்மு இருக்கிறது.

1980 அக்டோபரில், முப்பத்தெட்டு வயதில், அலி லாரி ஹோம்ஸுடன் மோதினார். பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். டண்டி எழுந்து, போதும் என்று நடுவரிடம் சொன்னார். கூட இருந்த நண்பர் ஒருவர் டண்டியின் சட்டையைப் பிடித்து இழுத்து, இன்னும் ஒரு சுற்று என்று மன்றாடினார். டண்டி கேட்கவில்லை. நல்ல காரியம்தான். ஆனால் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. அலியின் வைத்தியர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1977இல், சிறுநீரகச் சோதனை முடிவைக் காட்டி இனி ஆடக்கூடாது என்று எச்சரித்தார். எவரும் செவி சாய்க்காததால் விலகிப் போய்விட்டார். பத்தாவது சுற்றில் நிறுத்திய கை, முதல் சுற்றுக்கு ஏற்றாமலே இருந்திருக்கலாம் அல்லவா? 1984இல் அலிக்குப் பார்க்கின்ஸன் நோயின் அறிகுறிகள் இருப்பதாக வைத்தியர்கள் அறிவித்தார்கள். வாங்கிய அடிகள்தாம் அதற்குக் காரணம் என்று நாம் தீர்ப்பு எழுத வரவில்லை. அது வைத்தியர்களின் வேலை. 2016 ஜூன் மாதம் அல்லாஹ்வின் பக்கம் சேர்ந்துவிட்ட அந்தச் சகோதரருக்காக நாம் துஆச் செய்கிறோம்.

அந்தத் தாயாரின் மகன் விஷயத்துக்கு வருவோம். அபூதாவூதில் ஒரு ஹதீது இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் நம் உடல் நடுங்குகிறது. ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹாபாக்கள் ஒரு பயணத்தில் இருந்தார்கள். ஒருவர் தலையில் கல் பட்டுக் காயமாகிவிட்டது. அன்றிரவு அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. “நான் தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா?” என்று கூட இருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி பெருமானாருக்கு எட்டியது. பொறுமையின் சிகரமான அவர்கள், அவரை அவர்கள் கொன்றுவிட்டார்கள், அல்லாஹ் அவர்களைக் கொல்வானாக என்று கடிந்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமை நோய்க்கு மருந்து கேட்பதுதானே என்றும் வினவினார்கள்.

கவனியுங்கள். அது ஃபர்ளான குளிப்பு. சொன்னவர்கள் ஸஹாபாக்கள். எண்ணமோ நல்ல எண்ணம். அப்படியிருந்தும், காயம் பட்டவனுக்கு அறியாமல் ஒரு கட்டளை இட்டதற்கு இவ்வளவு கடுமையான சொல்! அல்லாஹ்வின் கடமையே காயத்துக்கு முன்னால் தயம்முமாக இறங்கி வருகிறது. ஒரு வெள்ளிக் கோப்பை இறங்கி வரக்கூடாதா?

மருந்து கொடுத்த விஷயம் இன்னும் ஒரு படி மேலே. வைத்தியம் அறியப்படாத ஒருவன் வைத்தியம் செய்தால் அதன் நஷ்டத்துக்கு அவனே ஜவாப்தாரி என்பது அபூதாவூது, நஸாயீ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் உள்ள நபிமொழி. வலியை மறைக்கிற மாத்திரை, அல்லாஹ் உடம்பில் வைத்திருக்கும் எச்சரிக்கை மணியை நிறுத்திவிடுகிறது, காயத்தை ஆற்றுவதில்லை. வீங்கிய முழங்கால் ஓய்வு கேட்கிறது. அதன்மேல் ஓடவிட்டால் உள்ளே கிழிந்தது மேலும் கிழியும். மைதானத்து மாஸ்டருக்கு இது தெரியாது என்றால், வைத்தியரைக் கேட்பது அவர்மேல் கடமை. தெரிந்தே கொடுத்தார் என்றால் அதைப் பற்றி நாம் எழுத விரும்பவில்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆசானுக்கு மரியாதை செய்யுங்கள். அவர் வரும்போது எழுந்து நில்லுங்கள். அவர் திட்டினால் வீட்டில் வந்து புறம் பேசாதீர்கள். ஆனால் கீழ்ப்படிதலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. பெருமானார் ஒரு படையை அனுப்பி அதற்கு ஒரு தலைவரையும் நியமித்தார்கள். வழியில் தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. விறகு சேர்த்துத் தீ மூட்டச் சொல்லி, எனக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது நபியின் கட்டளை அல்லவா, இதில் குதியுங்கள் என்றார். சிலர் குதிக்கவே எண்ணினார்கள். மற்றவர்கள், நெருப்புக்குப் பயந்துதானே நாம் நபியிடம் ஓடி வந்தோம் என்று தடுத்தார்கள். அதற்குள் தீயும் அணைந்தது, தலைவரின் கோபமும் அடங்கியது. விஷயம் தெரிந்தபோது, குதித்திருந்தால் அதிலிருந்து வெளியே வந்திருக்கவே மாட்டார்கள், கீழ்ப்படிதல் நன்மையில்தான் என்று பெருமானார் தீர்த்துச் சொன்னார்கள். ஆகவே மகனே, கால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்! மறைத்து ஆடுவது வீரம் அல்ல. உன் ஆசானை ஏமாற்றுவது. உடம்புக்கும் உன்மீது ஹக்கு இருக்கிறது என்று சொன்னவர்கள் பெருமானார்.

தொழுகையும் நோன்பும் இந்த எல்லைக்குள் வருபவையே. ஜும்ஆ நேரத்தில் ஆட்டம் வைத்தால் வாய் திறந்து கேளுங்கள். கேட்டால் பல இடங்களில் கிடைக்கிறது. 2021 ஏப்ரலில் இங்கிலாந்தில் லெஸ்டர், கிரிஸ்டல் பேலஸ் அணிகள் மோதிய கால்பந்து ஆட்டத்தில், லெஸ்டர் அணியின் வெஸ்லி ஃபொஃபானா நோன்பாளி. ஆட்டத்துக்கு முன்பே பேசிவைத்தபடி, சூரியன் அஸ்தமித்ததும் எதிரணியின் கோல்காப்பாளர் பந்தை உதைக்காமல் காத்து நின்றார். அவர் நோன்பு திறந்தார். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. இரு தரப்பாருக்கும் அவர் நன்றி சொன்னார்.

மாஸ்டர்களின் கைப்பிரம்பைப் பற்றிப் பெற்றோர் பலர் நம்மிடம் சொல்வதுண்டு. அனஸ் (ரலி) அவர்கள் பத்து வருஷம் பெருமானாருக்குப் பணிவிடை செய்தார்கள். சிறு பிள்ளையாக வந்து சேர்ந்தவர். அந்தப் பத்து வருஷத்தில் ஒரு முறைகூட ‘சீ’ என்ற சொல்லை அவர்கள் கேட்டதில்லை. இதற்கு மேல் நாம் என்ன சொல்ல?

பெண் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருக்கக் கூடாது என்னும் ஷரீஅத்தின் கட்டளையைப் பத்தாம்பசலி என்று சிரித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் வைத்தியராக இருந்த ஒருவர் சிகிச்சை என்ற பெயரில் செய்த அக்கிரமங்களை, 2018 ஜனவரியில் நூற்றைம்பதுக்கும் அதிகமான பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார்கள். அவர்களில் பலர் அப்போது சிறுமிகள். சொன்னபோது பெரியவர்கள் நம்பவில்லை. அடுத்த மாதமே அங்கே ஒரு சட்டம் வந்தது. வயது வராத பிள்ளையுடன் பெரியவர் பிறர் கண்ணுக்கு எட்டாமல் தனித்திருப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று விளையாட்டுச் சங்கங்களுக்கு அது விதித்தது. ஆண் பிள்ளைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பிள்ளை பயிற்சிக்குப் போகத் திடீரென்று மறுத்தால் அடிக்காதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள்.

மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தச் சொன்ன அந்தப் பெண்மணி, வலிமையும் நாணயமும் உள்ளவரே வேலைக்கு அமர்த்தச் சிறந்தவர் என்று தம் தந்தையிடம் கூறியதை அல்கஸஸ் சூராவில் ஓதுகிறோம். நாம் பயிற்சியாளரைத் தேடும்போது முதலாவதை விசாரிக்கிறோம்: எத்தனை கோப்பை வாங்கினார், எத்தனை பேரை மாநில அணிக்கு அனுப்பினார்? இரண்டாவதை விசாரிக்கிறோமா? காயம் பட்ட பிள்ளையை அவர் எப்படி நடத்தினார் என்று பழைய மாணவர் ஒருவரையாவது கேட்டிருக்கிறோமா?

அன்று அந்தத் தாயாரிடம் நாம் ஒரு கேள்வி கேட்டோம். “அந்த ஆட்டம் நடந்தபோது பையனின் வாப்பா மைதானத்தில் இருந்தாரா?”

திரைக்கு அப்பால் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, “இருந்தார் ஹஜ்ரத். கட்டுப் போட்டிருந்ததையும் பார்த்தார். கோல் போட்டபோது அவர்தான் முதலில் கை தட்டினாராம்” என்றார்.

மேய்ப்பாளர் ஒருவர் அல்ல, இருவர் என்பது அப்போதுதான் அவருக்கே விளங்கியது போலும். நாம் சொன்ன பதில் இதுதான்: மன்னிக்கிற ஹக்கு முதலில் உங்கள் மகனுடையது; அவன் உடம்பு, அவன் வலி. அவன் மன்னித்துவிட்டான் என்றே தெரிகிறது. அல்லாஹ் அவனுக்குக் கூலி தருவான். ஆனால் மன்னிப்பது வேறு, சொல்லாமல் விடுவது வேறு. பையனின் வாப்பாவை அனுப்பி அந்த மாஸ்டரை வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். தேநீர் கொடுங்கள். பையன் எழுந்து தொழுவதை, அந்த நாற்காலியில் தொழுவதை, அவர் கண்ணால் பார்க்கட்டும். எலும்பு வைத்தியரின் சீட்டை அவர் கையில் கொடுங்கள். அந்த அணியில் இன்னும் பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம்.

பையன் இன்றைக்கும் அஸருக்குப் பிறகு மைதானத்துக்குப் போய் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறானாம். அவனைத் தடுக்கலாமா என்றும் கேட்டார். தடுக்க வேண்டாம் என்றோம். அவன் முழங்காலுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! நாற்காலி இல்லாமல் ஸுஜூது செய்யும் நாளை அவனுக்குச் சீக்கிரம் காட்டுவானாக! ஆமீன்.